குட்டிக் காரில் அம்மாவின் காலடி

வெயிலில் காய்ந்த தோல் சீட்டின் வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து என் மூக்கில் ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்து செஞ்சியில் பெரிய கார்களெல்லாம் முடங்கிக் கிடக்க, மளிகைக்கடை முதலாளியின் ‘குட்டிக் கார்’ மட்டும் சொட்டுப் பெட்ரோலில் கடைத்தெருவைச் சுற்றிவந்தது.

அம்மாவுக்கு வலி எடுத்து இரண்டாம் நாளும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போக நைனா மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தபோது, முதலாளி இரக்கப்பட்டுக் காரை அனுப்பினார்.

“மாடு போய்ச்சேர சாயங்காலம் ஆயிடும்ணே. இது ஒரு மணி நேரத்துல வுட்டுடும். சந்துக்குள்ளயே வந்து நிக்குது பாரு” என்றான் டிரைவர்.

அத்தை குனிந்து பார்த்தாள். “இன்னாடா இது, கோழிக்கூண்டாட்டம் இருக்குது? புள்ளத்தாச்சி எங்க கால நீட்டுவா?”

“கார்லயே போலாம் நைனா” என்று நான் அழுதேன். காரில் ஏற ஆசை. அவ்வளவுதான்.

எங்கள் வீடுகளில் பிரசவத்துக்குப் போனால் பிறந்த வீட்டுப் பெண் ஒருத்தியும் புகுந்த வீட்டுப் பெண் ஒருத்தியும் கூடப் போகவேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் ஒரு வீடு மற்ற வீட்டைப் பழி சொல்லக்கூடாது என்று.

“எங்கக்காவ வுட்டுட்டு நான் ஊட்ல குந்தியிருப்பனா?” என்று சித்தி பின்சீட்டில் அம்மாவின் பக்கத்தில் ஏறினாள்.

“அப்ப நான் இன்னா, வேடிக்க பாக்க வந்தவளா?” என்று அத்தை முன்சீட்டில் ஏறினாள்.

நைனா என்னைத் தூக்கி அம்மாவின் காலடியில் உட்காரவைத்தார். “அழுவாத. நான் வண்டியில பின்னாடியே வரேன்.”

கார் பறந்தது. அம்மாவின் முழங்கால்கள் மடங்கியே இருந்தன. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் “மாதாவே” என்று என் தோளைப் பிடித்தாள். ஒருமுறை, “கொஞ்சம் தள்ளிக்கடி கண்ணு” என்றாள். தள்ள இடமில்லை.

சொன்னபடி ஒரு மணி நேரத்தில் சேர்ந்தோம். “இப்டி மடக்கியா கொண்டாந்தீங்க? படுக்க வெச்சி கொண்டாரக் கூடாதா?” என்றாள் நர்சு. நைனாவின் வண்டி வந்து சேர்ந்தபோது அம்மாவும் இல்லை, பிள்ளையும் இல்லை.

இப்போது சண்டையும் இல்லை, அந்தக் காரும் ஊரில் இல்லை. சின்னக் கார் வாங்கலாமா என்று கடைத்தெருவில் யாராவது பேசினால், செலவு குறைவு, எந்தச் சந்திலும் நுழையும் என்று நானே சொல்வேன். பொய்யில்லையே. வீட்டில் மட்டும், “நீ எறங்கியிருந்தா அவ கால நீட்டியிருப்பா” என்று அத்தை சித்தியைச் சொல்கிறாள், சித்தி அத்தையைச் சொல்கிறாள். என்னை ஒருவரும் சொல்வதில்லை. நைனா ஒரு நாளாவது என்னை அடித்துவிட்டால் தேவலை.