அட்டைக்குப் பின்னால் இருந்த ஜூன்

மைதா மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறினால் ஒரு வாசனை வரும். பசியையும் குமட்டலையும் சேர்த்தே கிளப்பும் வாசனை அது. கொதி வந்ததும் பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள் அம்மா. பசை லேசாக நீலம் பாரிக்கும். அந்த நீலப் பசையால்தான் எனக்கென்று ஒரு பள்ளிக்கூடத்தையே அவள் ஒட்டித் தந்தாள். எனக்கோ அதிலிருந்து எப்போது பிய்த்துக்கொண்டு ஓடலாம் என்பதே நினைப்பு.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். மேற்குத் தாம்பரத்தில், தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, எனக்கு மாலையானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு சின்ன நிழல் தெரிந்தது. டாக்டர் "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்றார். ஊசி, மீன் எண்ணெய், தினம் ஒரு முட்டை. பள்ளிக்கூடம் கூடாது, ஓடக்கூடாது, வெயிலில் அலையக்கூடாது. ஓடக்கூடாது என்று சொன்ன நாளிலிருந்துதான் என் கால்களுக்கு ஓட்டம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தது. உட்கார்ந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். "உனக்குக் கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்பாள் அம்மா.

அம்மா குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தாள். எனக்காக லீவு போட்டவள் பிறகு போகவே இல்லை. ஆனாலும் காலை எட்டரைக்கு முன்னால் குளித்து, கஞ்சி போட்ட சேலை கட்டி, தலைவாரி முடித்திருப்பாள். எட்டரை வண்டி கூவிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் குட்டி போட்ட பூனை மாதிரி ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பாள். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகே "வா, பாடம்" என்று பாயை விரிப்பாள். அவள் யாரையோ எதிர்பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வயதுப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகும் எக்ஸ்ரேயில் அந்த நிழல் போகவில்லை. அப்போதுதான் அம்மா அந்தப் புத்தகத்தைச் செய்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்த வாழ்த்து அட்டைகளை நூலில் தொங்கவிட்டு, பண்டிகை முடிந்ததும் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவற்றை எடுத்து, அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த நீள ரெஜிஸ்டரில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, கீழே இரண்டு வரி எழுதினாள். அட்டைகளில் எல்லாமே சீமைக் குளிர்காலம். தாம்பரத்து வெயிலில் வேர்த்து வடிந்தபடி, மான் வண்டியில் தொங்கும் மணிகளை எண்ணிக் கூட்டல் படித்தேன். கழித்தல் படிக்க முருங்கைக் கீரை. காம்பிலிருந்து உருவ உருவ எத்தனை மிச்சம் என்று சொல்ல வேண்டும். தேதி படிக்க, தினமும் காலண்டர் தாளைக் கிழிக்கும் வேலை என்னுடையது.

வாசலில் கூடையை இறக்கும் மீன்காரம்மாவும் எங்கள் வாத்தியார்களில் சேர்த்திதான். "இன்னா கண்ணு, இன்னும் வூட்டுக்குள்ளாறவே குந்திக்கினு கீறியா? எண்ணு பாக்கலாம், கூறுக்கு எத்தினி கீது?" என்பாள். பிறகு அம்மாவிடம், "டீச்சரம்மா, இஸ்கோலுக்கு எப்ப போவப் போறே?" என்று தவறாமல் கேட்பாள். அம்மா மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள்.

வாசிப்பு மட்டும் எனக்கு வரவில்லை. படத்தைப் பார்த்ததும் கீழே உள்ள வரிகளைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவேன். அம்மா உள்ளங்கையால் படத்தை மறைத்துவிட்டு, "இப்பப் படி" என்பாள். நான் விழிப்பேன். "கிளிப்பிள்ளை! சொன்னதையே சொல்லுது!" என்று தலையில் கை வைத்துக்கொள்வாள். நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு, தெருவில் ஓடும் பிள்ளைகளின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு என்னை அடைத்து வைப்பதில்தான் சந்தோஷம் என்று மனதார நம்பி, அவளை வெறுத்தேன். அதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

ஒரு சித்திரை மத்தியானம், அம்மா கண்ணயர்ந்திருந்தபோது, இருப்புக்கொள்ளாமல் அந்தப் புத்தகத்தையே பிய்க்க ஆரம்பித்தேன். மற்ற அட்டைகளின் முதுகு முழுக்கப் பசை, அசையவில்லை. மார்பு சிவந்த ஒரு குருவி மட்டும் நான்கு மூலைகளில் ஒட்டப்பட்டிருந்தது. நகம் கொடுத்ததும் அப்படியே கையோடு வந்துவிட்டது. பின்பக்கத்தில் உருட்டி உருட்டி எழுதிய எழுத்துகள். அங்கே படம் இல்லை, ஒப்பிக்கவும் ஒன்றுமில்லை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். "குழந்தை குணமாக ஜெபிக்கிறேன். ஜூன் வரைதான் உன் இடத்தை வைத்திருக்க முடியும். வந்துவிடு." கீழே அம்மாவின் தலைமை ஆசிரியையின் பெயர்.

எட்டரை வண்டி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அம்மாவும் என்னைப் போலவே அடைபட்டுக் கிடக்கிறாள், பூட்டு நான்தான். அட்டையைப் பாவாடைக்குள் ஒளித்து எடுத்துப் போய் என் தலையணை உறைக்குள் செருகினேன்.

அன்றிலிருந்து மீன் எண்ணெயை மூக்கைப் பிடிக்காமல் குடித்தேன். முட்டையை நாய்க்குப் போடவில்லை. கால்கள் ஆடினால் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மா படத்தை மறைத்தாலும் படித்தேன். பொறுக்க முடியாத காலைகளில் ஜூன் சீக்கிரம் வரட்டும் என்று காலண்டரில் இரண்டு தாளாகக் கிழித்தேன். ஒரு சனிக்கிழமை அப்பா காலண்டரில் ஞாயிறு என்று பார்த்துவிட்டு, கோயிலுக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, பக்கத்து வீட்டுக்காரர் சிரித்த பிறகு திரும்பி வந்து என் காதைத் திருகினார்.

ஜூனும் வந்தது. எக்ஸ்ரேயில் நிழல் இல்லை. அடுத்த தெருப் பள்ளியில் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நேராக மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் காலை அம்மா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். எட்டரை வண்டி கூவியது.

"நீ கிளம்பலையாம்மா? ஜூன் வந்துடுச்சே."

"எங்கே?"

ஓடிப்போய்க் குருவி அட்டையைக் கொண்டுவந்து நீட்டினேன். அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது போன வருஷத்து ஜூன், பாப்பா."

ஜூன் என்றால் எனக்கு வரப்போகிற ஜூன்தான். போய்விட்ட ஜூன் என்று ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் புத்தகம் செய்வதற்கு முன்பே அம்மாவின் இடத்துக்கு வேறு டீச்சர் வந்துவிட்டாராம். நான் அழ ஆரம்பித்தேன். அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"இதை யார் உனக்குப் படிச்சுக் காட்டினா?"

"நானேதான் படிச்சேன்."

"எழுத்துக் கூட்டியா, ஒரேயடியாவா?"

"கூட்டித்தான்."

அம்மா முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியவில்லை. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள். ரிப்பனை இறுக்கிக் கட்டி, "நேரமாச்சு, போ. ஓடாதே" என்றாள். தெரு முனை வரை நடந்தேன். அதற்கப்புறம் ஓடினேன்.

அம்மா மறுபடி வேலைக்குப் போகவில்லை. இப்போது அவளும் இல்லை. கூவிக்கொண்டு போகும் அந்தப் பழைய வண்டியும் இல்லை, ரயில்வே கேட் இருந்த இடத்தில் பாலம் நிற்கிறது, கூடை இறக்க வாசல் இல்லாத அடுக்குமாடியில் இருக்கிறேன். ரெஜிஸ்டர் மட்டும் பீரோவில் இருக்கிறது. துத்தம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, ஒரு பூச்சி அரிக்கவில்லை. அன்று பள்ளி விட்டு நான் வருவதற்குள் அம்மா அந்த அட்டையைத் திரும்ப ஒட்டிவிட்டிருந்தாள், இந்தத் தடவை முழுக்கப் பசை தடவி, எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி. பழைய இரண்டு வரிகளை அடித்துவிட்டு, கீழே ஒரே வரி எழுதியிருக்கிறாள்: "பாப்பா தானாகப் படித்த முதல் பக்கம்." குருவி அடியில் போய்விட்டது. அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.