முப்பத்தொன்பதாவது கட்டுரை

என் மனைவிக்கு நாற்பது வயதில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தவன் நான்தான். அந்த வாயை அன்றே தைத்திருக்க வேண்டும். காலையில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். மதியத்துக்கு மேல் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஊரார் வீட்டுக் காய்கறியைக் கெடாமல் காப்பாற்றுவேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

மேசையின் ஒரு பக்கம் அவள் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டு, மறுபக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டிய தடித்தடிப் புத்தகங்கள். எனக்கு இடம்? ரிப்பேருக்கு வந்த ஒரு வாஷிங் மெஷினின் மூடிமேல் தட்டை வைத்து ஒன்றரை மாதம் சாப்பிட்டேன். மெஷினைப் பழுதுபார்த்து முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதன் சொந்தக்காரர் வரும்போதெல்லாம், "பார்ட்ஸ் இன்னும் வரல சார்" என்று கூசாமல் புளுகினேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

அவள் பாடு அதைவிட மோசம். எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதே அவளுக்குக் குழம்பிப்போனது. பல்கலைக்கழகத்தில் முதல் வாரம், பின்வரிசையில் யாரோ பேச, இவள் பழக்கதோஷத்தில், "எல்லாரும் கையைக் கட்டுங்க! வாயில விரல்!" என்று ஒரு அதட்டுப் போட்டிருக்கிறாள். வகுப்பே கையைக் கட்டியது. பாடம் நடத்திக்கொண்டிருந்த அவளுடைய ஆராய்ச்சி கைடும் கட்டிக்கொண்டாராம். பள்ளிக்கூடத்திலோ, பூமி உருண்டை என்று சொன்ன ஒரு குழந்தையிடம், "இதுக்கு ஆதாரம் என்ன? எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம்?" என்று கேட்டு அழவைத்துவிட்டாள்.

இரண்டு முறை கைடு கேட்ட வேலையைத் தாமதமாகக் கொடுத்தாள். அறுபதை நெருங்கும் மனிதர், அவர் துறையில் பெரிய புள்ளி. மூன்றாவது முறை அவர் ஒரு நீல ஃபைலை நீட்டினார். "வகுப்பறை பத்தி நான் எழுதுன கட்டுரை, இன்னும் வெளிவரல. படிச்சு உங்க கருத்தை எழுதி திங்கக்கிழமை கொண்டாங்க. இதுவும் தவறினா, இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவருமான்னு உக்காந்து யோசிச்சிடலாம்" என்றார். அவள் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள். பதினைந்து வருடமாக அவள் ஆசைப்பட்ட படிப்பு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து மூன்றாம் வகுப்பின் ப்ராஜெக்டும் வந்து சேர்ந்தது. தலைப்பு 'எங்கள் வகுப்பறை'. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், முப்பத்தெட்டும் கம்ப்யூட்டரில் அடித்து பிரிண்ட் எடுத்தவை.

"பாருங்க, அத்தனையும் அப்பா அம்மா வேலை! எட்டு வயசுப் புள்ள 'கண்ணோட்டம்'னு எழுதுமா? இன்னைக்கு ஒருத்தரையும் விடப்போறதில்ல" என்று பொரிந்துவிட்டு, சிவப்புப் பேனாவை மேசைமேல் வைத்தாள். பிறகு துணி காயப்போட மாடிக்குப் போனாள்.

நான் தட்டோடு வந்தேன். வாஷிங் மெஷின்காரர் முந்தின நாள்தான் ஆளோடு வந்து, என்னை ஒரு முறை முறைத்து, மெஷினைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். தட்டை வைக்க ஒரு சாண் இடமில்லை. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! மேசைமேல் கிடந்த தாளையெல்லாம் இரண்டு கையாலும் வாரி ஒரே கட்டாக அடுக்கி மூலையில் தள்ளினேன். நிம்மதியாகச் சாப்பிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

சாயங்காலம் எழுந்து பார்த்தால், திருத்தி முடித்த கட்டின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீல ஃபைல், உள்ளே தலைப்புத் தாள் மட்டும். அப்போதுதான் எனக்குப் பகீர் என்றது. நான் வாரின வேகத்தில் ஃபைலிலிருந்த தாளும் கட்டில் கலந்திருக்கிறது! கட்டை மெல்ல உருவித் தேடினேன். பிள்ளைகள் பெயரில்லாத ஐந்து தாள் கிடைத்தது. தாள் முழுக்கச் சிவப்பு மை! அடடா, கைடு கொடுத்த வேலையையும் முடித்துவிட்டாளே என்று எனக்கு ஆனந்தம். நான் என்னத்தைக் கண்டேன், படித்தவர்கள் சமாச்சாரம் இப்படித்தான் சிவப்பாக இருக்கும்போல. ஃபைலில் செருகிவைத்தேன். மறுநாள் பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு சர்வீஸ் இருந்தது. போகிற வழியில் கைடின் அறையில் கொடுத்துவிட்டும் வந்தேன். பொண்டாட்டிக்கு இன்ப அதிர்ச்சி!

திங்கள் மதியம் பள்ளிக்கூடம் முடிந்ததும் அவள் ஓடிவந்தாள். "அந்த நீல ஃபைல் எங்க? சார்கிட்ட கெஞ்சி நாளைக்கு வரைக்கும் டைம் வாங்கலாம்னு இருக்கேன்."

"எதுக்குக் கெஞ்சணும்? காலையிலயே கொடுத்தாச்சு" என்றேன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

"எதைக் கொடுத்தீங்க?"

"நீ திருத்துனதைத்தான்."

"நான் அதைத் தொடவே இல்லையே!" என்றவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஐயையோ! பேர் எழுதாத ஒரு கட்டுரை இருந்துச்சே! யாரோடதுன்னு காலையில வகுப்பு முழுக்க விசாரிச்சேனே!"

"அப்படி என்ன எழுதித் தொலைச்ச?"

அவள் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். "பத்துக்கு நாலு. மூணாவது பத்தி ஒண்ணும் புரியல, என்ன சொல்ல வர்றே? உன் வயசுக்கு மீறின வார்த்தை, யார் எழுதிக் கொடுத்தது? பேர் எங்கே?" கடைசி விரலை மடக்கிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். "அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் அழுதாள். "தூக்கக் கலக்கத்துல கைடு கட்டுரைக்கும் குழந்தை கட்டுரைக்கும் வித்தியாசம் தெரியல. என்னால ரெண்டையும் இழுக்க முடியாது. விலகிடறேன்" என்று ஒரு தாளை இழுத்து விலகல் கடிதம் எழுத ஆரம்பித்தாள்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் எனக்கு மேசை திரும்பக் கிடைக்கும். ஆனால் சோறு இறங்குமா? "உன் மேல தப்பில்ல. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்தது நான்தான்" என்று உண்மையைக் கக்கினேன்.

அழுகை நின்றது. அடுத்து நடந்ததை எழுதினால் எனக்கு மரியாதை இல்லை. கடைசியில் அவள் சிவப்புப் பேனாவால் மேசை நடுவே ஒரு கோடு இழுத்தாள். "இந்தப் பக்கம் உங்க தட்டு, அந்தப் பக்கம் என் பேப்பர். ரெண்டும் தாண்டக் கூடாது. ஞாயித்துக்கிழமை துணி உங்க பொறுப்பு." தலையாட்டினேன். ஆனாலும் கடிதத்தை அவள் கிழிக்கவில்லை, பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் கைடு கூப்பிட்டனுப்பினார். குற்றவாளி என்கிற முறையில் நானும் போனேன். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தார். அவள் கடிதத்தைக் கையில் எடுத்தேவிட்டாள்.

"முப்பது வருஷமா எழுதறேன் டீச்சர். புரியலைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார். "நேத்து அந்த மூணாவது பத்தியை நானே நாலு தரம் படிச்சேன். எனக்கும் புரியல. எடுத்துட்டேன்."

பிறகு கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு மைக்குக் கீழே நடுங்கும் எழுத்தில் ஒரு கையெழுத்து. அதன் பக்கத்தில் இரண்டு வரி: 'சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான். டீச்சர் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கவும். இப்படிக்கு, தாயார்.'

"எண்பத்திநாலு வயசு. சிரிச்சு சிரிச்சு அவங்களுக்குப் புரையேறிடுச்சு" என்றார் கைடு. "ஆமா, கையில என்ன?"

"ஒண்ணுமில்ல சார்" என்று கடிதத்தை என் கையில் திணித்தாள். அது இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் ஆடுகிற காலுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

"சரி, திருத்தி எழுதியாச்சு, கையெழுத்தும் வாங்கியாச்சு. இப்பவாவது பாஸா?" என்று கட்டுரையை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் புரட்டினாள். டீச்சர் முகம் வந்துவிட்டது.

"பேர் இன்னும் எழுதல சார்."

அந்தப் பெரிய மனிதர் பதறிப்போய்ப் பேனாவைத் தேடினார்.