சைலன்சர் மேல் தேங்காய் எண்ணெய்

பழைய லாரி விற்கும் புரோக்கருக்கு முதலீடே வாய்தான். அந்த வேலையை இப்போது ஒரு செல்போன் பிடுங்கிக்கொண்டுவிட்டது. பழைய வண்டியோ, பழைய வீடோ, கறவை மாடோ, எதை விற்றுப் பிழைப்பவராக இருந்தாலும் என் பாடு உங்களுக்குப் புரியும். பாதிக் கதை உங்களுடையதாகவே இருக்கும்.

டீக்கடையில் ஒரு வார்த்தை

நாமக்கல்லில் ரோட்டோரமாக எனக்கு ஒரு யார்டு உண்டு. வாடகை இடம். விற்பனைக்கு வரும் லாரிகளை அங்கே நிறுத்தி வைத்து, ஆள் பிடித்து விற்றுக் கொடுப்பேன். செங்கோடன் என்பவன் என்னோடு கூட்டாக இருந்தான். இனி வீடியோதான் வியாபாரம் என்று தனியாகப் போய்விட்டான். போனவன் சும்மா போயிருக்கலாம். டீக்கடையில் அத்தனை பேர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு யார் யார் சிரித்தார்கள், யார் டீ கிளாசை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துப் புரையேறினார்கள் என்பது வரை எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் புரையேறிய ஆளிடம் இன்றுவரை நான் பேசுவதில்லை.

அவன் போன பிறகு யார்டில் வண்டி வரும், நிற்கும், நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். இடத்துக்காரர் ராமசாமி ஒரு நாள் வந்து சுற்றிப் பார்த்தார். "பங்குனி வரைக்கும் பாக்கறனுங்க. வண்டி போயி வார எடமா இருந்தா உங்களுக்கு. நிக்கற எடமா இருந்தா செங்கோடனுக்கு. அவன் கேட்டுக்கிட்டே இருக்கறான்" என்றார். அன்று சாயங்காலமே போய் ஒரு நல்ல போன் வாங்கினேன். ஐந்தாவது தாண்டாதவன் நான். அதிலிருக்கும் எழுத்தெல்லாம் எனக்கு எதற்கு? படம் எடுத்தால் போதும். என்னை வாங்க வைத்தது செங்கோடனின் அந்த வார்த்தைதான்: "அண்ணா, நீயே ஓடாத வண்டி. உன்ற டயருக்கு அடியில எறும்பு புத்து வெச்சிருச்சு."

பளபளப்பு

படம் எடுக்க ஆள் வேண்டுமே! என் வீட்டுக்காரி பாவாயி சோறு கொண்டுவந்த நேரத்தில் போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் போனைத் தூக்கிப் பிடித்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல். வண்டியைக் கழுவி, டயருக்குக் கருப்படித்து, பம்பருக்குப் புது பெயின்ட் போட்டு, சாமி தேர் மாதிரி நிறுத்தியிருந்தேன். நான் பக்கத்தில் நின்று கையைக் காட்டிக் காட்டிப் பேசினேன். "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க தொந்தி டயரை மறைக்குது" என்றாள் பாவாயி. அதுவும் வீடியோவில் பதிவாகிவிட்டது.

குரூப்பில் போட்டோம். லாரிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிற குரூப். போனைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். கடைசியில் அரியலூர்ப் பக்கமிருந்து ஒரே ஒரு அழைப்பு. சிமென்ட் லோடு ஓட்டுகிறவராம். மரியாதையாகத்தான் கேட்டார்: "அண்ணே, இந்தப் பளபளப்பு பளபளக்குதே, வண்டி எந்தப் பள்ளத்துல கவுந்துச்சு?"

துருவை முதலில் காட்டு

பாவாயி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் ஒரு யோசனை சொன்னாள். "சந்தையில நான் கத்திரிக்காய் வாங்கறப்ப சொத்தையைத்தான் மொதல்ல தேடுவேன். சொத்தையே இல்லீன்னா எனக்குச் சந்தேகம் வந்துரும். அடுத்த வண்டியில ஓட்டையைக் காட்டுங்க."

ஓட்டையை மூடுவதுதானே நாங்கள் கற்ற தொழில்! ஆனாலும் துணிந்தேன். அடுத்த வண்டியைக் கழுவவே இல்லை. கேபின் கதவில் துரு, பின்பக்கப் பலகையில் விரிசல், இடதுபக்கம் தேய்ந்ததன் மேல் புது ரப்பர் ஒட்டிய ஒரு ரீட்ரேட் டயர், எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். நல்ல டயர்களைக் கடைசியில் காட்டினேன். போன் அடிக்க ஆரம்பித்தது பாருங்கள்! சார்ஜ் போட்டுக்கொண்டே பேசினேன், சூடு தாங்காமல் காது மாற்றிக் காது வைத்துப் பேசினேன். எடப்பாடியில் துணி லோடு ஏற்றுகிற ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கேபின் கதவுக்குப் போய்த் துருவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வீடியோவுல பாத்ததுக்கு இது கம்மிதானுங்க. நீங்க நெசமாலுமே புரோக்கருங்களா?"

அக்கா சொன்ன விலை

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் ஈடுபட்டிருக்கிற எல்லோரும் கவனியுங்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்பவரின் வாயும் கேமராவுக்குள்தான் இருக்கிறது. ஒரு பன்னிரண்டு சக்கர வண்டியை எடுத்தோம். நான் விலை சொன்னேன். என் விலையைக் கேட்ட பாவாயி தனக்குத்தானே, "ஆத்தாடி! இந்த ஓட்டைக்கு இவ்வளவா?" என்று ஆரம்பித்து, தானாக இருந்தால் என்ன விலை கொடுப்பாள் என்பதையும் முணுமுணுத்திருக்கிறாள். அப்படியே போட்டுவிட்டோம்.

குரூப் முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். செங்கோடனும் ஒன்று போட்டிருந்தான், அதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் வண்டி மறுநாளே போய்விட்டது. ஆத்தூர்க்காரர் ஒருவர் கூப்பிட்டார். நான் இழுத்துப் பேசப் பேச அவர் அசையவே இல்லை: "அண்ணே, உங்ககிட்ட பேரம் எதுக்கு? அக்கா சொன்ன வெலைக்குத் தர்றதா இருந்தா இப்பவே கெளம்பி வரேன்."

மார்கழிக் காலை

வண்டிகள் நகர ஆரம்பித்ததும் செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணன் வண்டியை ஓட்டிச் சூடாக்கிட்டுத்தான் வீடியோ எடுக்கறாரு" என்று குரூப்பில் பேசிப் போட்டான். எங்கள் தொழிலில் இதைவிடக் கெட்ட பேச்சு கிடையாது. தேய்ந்துபோன இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது லேசில் ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் புகை கக்கும். ஆள் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்துவிட்டால் நல்ல இன்ஜின் மாதிரி நடிக்கும். அப்படிச் செய்கிற புரோக்கர் உண்டு. நான் இல்லை. அழைப்புகள் நின்றுபோயின. யார்டில் மறுபடி எறும்பு ஊர ஆரம்பித்தது.

லைவில் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். விடிகாலையில் சைலன்சர் குழாய்மேல் கையை வைத்துக் காட்டினேன். "கிழவன் கை காய்ச்சுப்போன கை, நெருப்பையே புடிக்கும்" என்று ஒருவன் எழுதினான். பாவாயிதான் எனக்கு வாசித்துச் சொன்னாள். அவள் போனை என் கையில் திணித்துவிட்டுத் தன் பையைத் துழாவினாள். தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்ப் பாட்டில். மார்கழிக் குளிரில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. குச்சியால் ஒரு கட்டியைத் தோண்டி எடுத்துக் குழாய்மேல் வைத்தாள்.

"சாமிகளா, நல்லாப் பாத்துக்குங்க. வண்டி சூடா இருந்தா இது நிக்குமா?"

நின்றது! மல்லிகை மொட்டு மாதிரி அசையாமல் நின்றது. நூற்றுக்கணக்கான பேர் ஒரு எண்ணெய்க் கட்டியைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். பிறகு நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது இன்ஜின். புகை இல்லை. கொஞ்ச நேரத்தில் கட்டி ஓரம் கண்ணாடியாகி, வழிந்து, பலகாரம் சுடுகிற வாசனை கிளம்பியது. அதற்குள் ஓமலூரிலிருந்து போன்: "அண்ணா, எண்ணெய் உருகறதுக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் போட்டுட்டனுங்க, வந்துச்சான்னு பாருங்க!"

பங்குனி

அதன்பிறகு எங்கள் பக்கம் எண்ணெய் வைக்காமல் யாரும் பழைய லாரி வாங்குவதில்லை என்று ஆகிவிட்டது. யார்டில் வண்டி நிறுத்த இடமில்லாமல் ரோட்டில் வரிசை. கெடு முடிகிற பங்குனியும் வந்தது. அப்போதுதான் செங்கோடனும் ஒரு லைவ் போட்டான். என்னைப் போலவே விடிகாலை, என்னைப் போலவே தேங்காய் எண்ணெய். பாட்டிலைத் திறந்து சாய்த்தான். பங்குனியில் எண்ணெய் எப்படி உறையும்? தண்ணீர் மாதிரி ஓடிக் குழாயில் விழுந்து சக்கரத்தில் சொட்டியது. பார்த்தவர்கள் விடுவார்களா! "அண்ணா, வண்டியை மட்டுமில்ல, பாட்டிலையும் சூடு பண்ணிட்டியா?" என்று ஒருவன் கேட்டது குரூப் குரூப்பாகப் போயிற்று. அதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

ராமசாமியும் பார்த்திருந்தார். வந்தவர் வண்டியை உள்ளே விட வழியில்லாமல் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, "எடம் உங்களுக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். நான் சந்தோஷத்தில் குதிக்காத குறை. அந்த நேரம் பார்த்துப் பாவாயியின் போன் அடித்தது. செங்கோடன். எடுக்காதே என்று சைகை காட்டினேன். அவள் எடுத்தாள்.

"பாவாயக்கா, வெய்யக் காலத்துக்கு என்ன வெக்கறீங்க?"

சொல்லாதே என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள்: "மாசி பொறந்ததுமே நாங்க மெழுகுவத்திக்கு மாறிட்டம், சாமி. ஒரு துண்டு வெட்டி வெச்சுப் பாரு, நெசமாலுமே ஆறுன வண்டியா இருந்தா நிக்கும்."

யார்டு என் பெயரில், விற்பனை பாவாயி பெயரில், தொழில் ரகசியம் செங்கோடன் பெயரில் என்று எல்லாமே கைமாறிப் போன பிறகும், டீக்கடையில் அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் இன்னும் யார் பெயருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.