மல்லிகைக்கு நடுவே முளைத்த கீரை

கீரமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. செடிகளுக்கு நடுவே குப்பைக்கீரை தானாகவே தளதளவென்று முளைத்துக் கிடக்கும். அரிமளத்தில் அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு ஒரு சாயங்காலம் திரும்பிய நான், வரும் வழியில் ஒரு கட்டுப் பறித்து அடுத்த வீட்டு மேரியிடம் கொடுத்தேன். அவள் தன் ஒரு வயதுக் குழந்தைக்குப் பருப்போடு மசித்து ஊட்டுவாள்.

மறுநாள் காலையில் இதைச் சொன்னதும் என் கணவர் பதறிவிட்டார்.

"நேத்துதான் மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிச்சேன். பூவத் திங்கவா போறோம்னு கொஞ்சம் கூடவே கலந்துட்டேன்."

ஓடினேன். மேரி அப்போதுதான் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ராத்திரியில கீரை ஆகாதுன்னு வச்சிருந்தேங்க்கா" என்றாள்.

அந்தப் பழக்கம்தான் குழந்தையைக் காப்பாற்றியது. ஆடு மாடு வாய் வைக்காதபடி கீரையைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

நிம்மதியாகத் தோட்டத்துக்குப் போனால், எங்களுக்குப் பூப்பறிக்கும் செல்வியின் மடியிலும் அதே கீரை.

"என்னக்கா இப்புடிப் பாக்குறீங்க? தெனமும் கொண்டு போறதுதானே!" என்றாள். மருந்து அடித்ததைச் சொல்லி அதையும் வாங்கிப் புதைத்தேன்.

இப்போதெல்லாம் அவர் மருந்தை அளந்துதான் கலக்கிறார். அடித்த அன்றே, யாரும் கீரை பறிக்காதபடி தோட்டத்து வாசல் படலில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறோம். கீரைக்கென்று வீட்டுக் கொல்லையில் தனிப் பாத்தி போட்டிருக்கிறேன். முதல் கட்டு செல்விக்குத்தான். இத்தனை வருடத்தில் அவள் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்ததா என்று கேட்க மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.