பிரிஸ்கில்லா தள்ளிப்போட்ட தேதி

2022ஆம் ஆண்டு ஜூலை 5, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணிக்குப் பிரிஸ்கில்லாவை முதன்முதலாகச் சந்தித்தேன். உத்திரமேரூருக்கு அருகே நான் தமிழாசிரியையாக இருக்கும் பள்ளிக்கு அவரே வந்திருந்தார். அவருடைய மகள் திவ்யா என் பதினோராம் வகுப்பு மாணவி. நாற்காலியைக் காட்டினேன், அவர் உட்காரவில்லை.

"குந்தினா எழுந்துக்கறது பேஜாரு டீச்சர். நின்னுக்கினே சொல்லிடறேன். எங்க வூட்டுக்காரரு டிசி கேட்டு வருவாரு. குடுத்துடாதீங்க."

கையில் ஒரு மருத்துவமனைச் சீட்டு இருந்தது. ஆகஸ்ட் 2ஆம் தேதி அறுவைச் சிகிச்சை என்று அதில் எழுதியிருந்தது.

பிரிஸ்கில்லாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம். பத்தொன்பது வயதுக்குள் மூன்று பிரசவங்கள். தங்கியது கடைசிப் பெண் திவ்யா மட்டும். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின்னும் இருபதாம் நாளே சேற்றில் இறங்கிக் குனிந்தார். திவ்யா பிறந்த ஆண்டிலேயே கருப்பை கீழே இறங்கத் தொடங்கியது. பதினாறு ஆண்டுகள் அதை யாரிடமும் சொல்லாமல், பழைய புடைவைத் துணியை இறுகக் கட்டிக்கொண்டு நாற்று நட்டார்.

"நட்டுக்கினு இருக்கசொல்லோ வெளியே வந்துடும். வரப்பு மறவுல போயி உள்ள தள்ளிக்கினு வந்து மறுபடி நடுவேன். எங்க ஆதிலட்சுமி இல்ல, 'இன்னாடி வாத்து மாதிரி நடக்கற?'ன்னும். 'வாத்துக்கு முட்டையாச்சும் மிஞ்சுதுடீ'ன்னுவேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஆதிலட்சுமி அவருடைய நடவுக் குழுவின் தலைவி. குழுவில் ஒருத்தி படுத்துவிட்டால் அவள் வீட்டிலிருந்தே மாற்று ஆள் வர வேண்டும். வராவிட்டால் அவளுக்கு இடமில்லை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் பிரிஸ்கில்லா மூன்று மாதம் குனியக் கூடாது. அந்த மூன்று மாதமும் திவ்யா நடவுக்குப் போகட்டும், பிறகு தம் அக்காள் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று கணவர் சாமுவேல் முடிவு செய்திருந்தார்.

"மூன்று மாதம்தானே? பிறகு பள்ளிக்கு வரட்டும். நான் சேர்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

"எங்கம்மா படுத்தப்போ நானும் ஒரு மாசத்துக்குன்னுதான் எறங்கினேன் டீச்சர். அப்போ ஒம்பதாவது. அவ எறங்கினா ஏறமாட்டா. பன்னெண்டாவது முடியட்டும், நான் அப்பறமா போய்க்கறேன். அவளாண்ட மட்டும் சொல்லாதீங்க. தெரிஞ்சா பையத் தூக்கி எறிஞ்சுட்டு வயலுக்குப் போயிடும்."

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். சாமுவேல் இரண்டு முறை வந்தார்; மாற்றுச் சான்றிதழை நான் கொடுக்கவில்லை. திவ்யா பன்னிரண்டாம் வகுப்பில் தேறினாள். செவிலியர் படிப்பில் இடம் கிடைத்தது. விடுதி வாழ்க்கை அவளுக்குப் பழகட்டும் என்று பிரிஸ்கில்லா இன்னும் ஒரு பருவம் நட்டார்.

2025 ஜனவரியில் முகமும் கால்களும் வீங்கி, மூச்சு வாங்கியபோதுதான் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இறங்கிய கருப்பை சிறுநீர் வழியை ஆண்டுக்கணக்கில் நெருக்கியிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்றார் மருத்துவர்.

நான் பார்க்கப் போனபோது திவ்யா கட்டிலருகே பழைய சீட்டை விரித்துவைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அதிலிருந்த மருத்துவச் சொற்கள் செவிலியர் படிப்பால் இப்போது அவளுக்குப் புரியும்.

"ரெண்டர வருசம்மா! தேதி போட்டுக் குடுத்துகீறாங்க. போறதுக்கு இன்னா கேடு உனக்கு? ஊசின்னா அவ்ளோ பயமா? நான் வந்து கூட நின்னுருக்க மாட்டனா?"

நான் வாய் திறந்தேன். பிரிஸ்கில்லா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார்.

"ஆமாம்மா, பயந்துட்டேன்" என்றார் மகளிடம். "உங்கம்மா சுத்த பயந்தாங்கொள்ளி."

ஒன்பதாம் நாள் இறந்தார், வயது முப்பத்தேழு. அதுவரை அந்தப் பதிலை அவர் மாற்றவில்லை.