சாலம்மாள் விழுங்கிய ஏச்சு

வடக்கனந்தல் நடவு வயலில் சாலம்மாள் ஒரு வார்த்தை ஏசினால் நாலு வயல் தாண்டி ஆள் நிமிர்ந்து பார்ப்பான். அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாகப் புருஷனை ஒரு சொல் ஏசவில்லை. புருஷன் பாவாடைக்கு நெஞ்சுவலி வந்து, பிழைத்து வீடு திரும்பியபோது டாக்டர் சொன்னதில் ஒன்றுதான் அவள் காதில் நின்றது: "அவரு மனசு பதறாம பாத்துக்கோங்கம்மா." தன் வாயே அவர் உயிரை எடுத்துவிடும் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

வீடு வந்த பத்தாம் நாள் பாவாடை புளி உலுக்க மரமேறினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிர, சத்தம் போடவில்லை. மறுநாள் கழுத்து திரும்பவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. தலையில் நாற்றுக்கட்டு ஏற்ற முடியாதவளை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? தைலம், ஒத்தடம், ஊசி எதற்கும் மசியவில்லை.

கடைசியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிசியோதெரபி மேடம் செவ்வந்தி தோளை அழுத்திக்கொண்டே கேட்டாள்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"புளி உலுக்குனதுலேர்ந்து."

"நீங்களா ஏறுனீங்க?"

"நான் எங்க? அந்த ஆளுதான்."

மேடத்தின் விரல் அங்கேயே நின்றது. "அவரப் பத்திப் பேசுனா தோளு கல்லாட்டம் ஆவுதே. அன்னிக்கு இன்னா சொல்ல வந்தீங்க? மூச்ச விட்டுக்கினே சொல்லுங்க."

"ஐயே, வாணாம் மேடம். வெளியதான் குந்திக்கினு இருக்காரு."

"கதவ சாத்திட்டேன், சொல்லுங்க."

கதவுக்கு அடங்குகிற குரலா அது? "யோவ்! நெஞ்சுவலிக்காரனுக்கு மரம் கேக்குதா? நீ வுழுந்து செத்தா நான் இன்னாய்யா பண்ணுவேன்?" தேம்பித் தேம்பி அழுதாள். அழ அழத் தோள்கள் நடுங்கி, மெல்ல இறங்கின.

சட்டென்று பயம் பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்து ஓடினாள். பாவாடை பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு வலிக்குதாய்யா?"

"இல்லடி. வூட்டுக்கு வந்ததுலேர்ந்து நீ ஒண்ணுமே ஏசல. டாக்டரு எனக்கு நாள் குறிச்சிட்டாரு, அதான் இவ பாவம் பாக்குறான்னு நெனச்சேன். போறதுக்குள்ள ஒனக்கு ஒரு வருசத்துப் புளியாச்சும் சேத்து வெப்பம்னுதான் ஏறுனேன்."

சாலம்மாள் அவர் பக்கம் திரும்பப் பார்த்தாள். கழுத்து இன்னும் பாதிதான் திரும்பியது. ஆறேழு தடவை வரவேண்டியிருக்கும் என்று மேடம் உள்ளிருந்து சொன்னாள். சாலம்மாள் உடம்போடு முழுசாக அவர் பக்கம் திரும்பி, இடுப்பில் கைவைத்து, ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்டு வரை நிறுத்தவில்லை. பாவாடை 'உம்' கொட்டிக்கொண்டே பின்னால் நடந்தார்.