பெற்றது மூன்று, இருப்பது மூன்று

போன வாரம் ஒருநாள் மகளின் போன் காலையிலிருந்து பிற்பகல் வரை அணைந்தே கிடந்தது. சென்னையில் வேலை, விடுதியில் வாசம். சார்ஜர் கெட்டுப்போனதாம், சாயங்காலம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சில மணி நேரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் இருக்கும் மாநகராட்சி மண்டலத்தைப் பற்றி இணையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கிழக்கே கடல், தெற்கே ஆறு, இத்தனை வார்டு, இத்தனை லட்சம் பேர். பரப்பளவு தெரிந்தால் பெண் கிடைத்துவிடுவாளா என்ன! ஆனாலும் அந்த மக்கள்தொகை எண்ணின் கடைசி இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இவள் இல்லை. இரண்டாயிரத்துப் பதினொன்றில் அந்தக் கணக்கை எடுத்தபோது இவள் காஞ்சிபுரத்தில் மூன்றாம் வகுப்பு.

அந்த மாதிரி எண்களை உண்டாக்கியவர்களில் நானும் ஒருத்தி. இரண்டாயிரத்து ஒன்றில், ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த புதிதில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகச் சின்ன காஞ்சிபுரத்தில் நான்கு தெருக்களை என்னிடம் ஒப்படைத்தார்கள். முதலில் வரைபடம் போட வேண்டும். எங்கள் ஊரில் யாருக்குத் திசை தெரியும்? எல்லாம் கோயிலை வைத்துத்தான். நான் பாட்டுக்குக் கோபுரத்தைத் தாளின் உச்சியில் வரைந்துவிட்டேன். மேற்பார்வையாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க தெருவுல மட்டும் சூரியன் எந்தப் பக்கம் உதிக்குது?" என்றார்.

பட்டுநூலுக்குச் சாயம் காய்ச்சும் வாடை தாள்களிலெல்லாம் ஏறிவிட்டது. இன்றும் எங்காவது அந்த வாடை வந்தால் யாரிடமாவது வயது கேட்க வேண்டும் போலிருக்கும். கோயில் கைங்கரியக்காரர் வீட்டில் வயது கேட்டால் நட்சத்திரம் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் தாய்மொழி கேட்டேன். "வூட்ல தெலுங்குமா. சண்டைன்னா தமிழ்" என்றார் ஒருவர்.

அப்புறம் அந்த வீடு. தறிக்குழியில் கால் விட்டபடியே வீட்டுக்காரர் பதில் சொன்னார். அவர், மனைவி, இரண்டு பையன்கள். எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கேள்வியைப் பெண்களிடமே கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் கேட்கவில்லை. பையன்களைப் பார்த்தேன், இரண்டு கட்டத்திலும் இரண்டு என்று போட்டுவிட்டேன்.

அந்த அம்மா தண்ணீரோடு வந்து, தறிச் சத்தத்துக்குள் குரலை ஒளித்துக்கொண்டு கேட்டாள்.

"என் பேருல இன்னாம்மா எழுதிக்கினு இருக்கற?"

சொன்னேன்.

"மூணு பெத்தேன்மா. மூத்தது பொண்ணு. மனசுக்குப் புடிச்சவனோட மெட்ராஸுக்குப் பூட்டுது. அவ செத்துட்டதாச் சொல்லி இவரு தலை முழுகிட்டாரு."

தறி நின்றது.

"இன்னாடி அங்க குசுகுசுன்னு?"

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "மூணுன்னு போடச் சொல்றேன்."

"ரெண்டுதான் டீச்சர். கவர்மென்ட்டாண்ட பொய் சொல்லாதடி."

"நோவு எடுத்தது ஒனக்காய்யா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "எழுதுமா. பெத்தது மூணு. உசுரோட இருக்கறது மூணு."

அடித்தல் திருத்தல் கூடாது, இயந்திரம் படிக்கும் தாள் என்று எங்களை அவ்வளவு பயமுறுத்தியிருந்தார்கள். ஒரு தாள் வீணானாலும் பதில் சொல்ல வேண்டும். அவர் முறைக்க, அவள் நின்றுகொண்டே இருக்க, நான் புதுத் தாள் எடுத்து அந்த வீட்டை முதலிலிருந்து எழுதினேன். அவர் தறிக்குத் திரும்பினார். தறியின் நாடா முன்பைவிட வேகமாகப் பாய்ந்தது.

வாசல்வரை வந்தாள். "மெட்ராஸ்லயும் ஒன்ன மாதிரி டீச்சருங்க வூடு வூடாப் போவாங்களா?"

"போவாங்க."

"அப்ப அவளயும் எழுதிக்குவாங்க. இங்க மூணுன்னு இருந்தா அங்க ஒத்துப்பூடும்."

அந்த இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பார்க்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு அடுத்த கதவைத் தட்டினேன். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

மகள் பேசிய மறுநாள் அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் ஏதோ ஜவுளிக்கடைக்குக் கார் நிறுத்துகிறார்கள். எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் அந்தத் தறிக்காரர் வீட்டைப் பற்றி விசாரித்தேன்.

"அவங்களா? அந்தம்மா போய்ச் சேந்து எத்தினியோ வருஷம் ஆவுது. பசங்க வித்துட்டு ஏனாத்தூர் பக்கம் பூட்டாங்க."

"பொண்ணு?"

அவள் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்களுக்கு ஏதுமா பொண்ணு? ரெண்டும் பசங்கதான்."